குதிரைக்காரன் இருந்த இடம்

இதலினாவின் பழுப்பு நூல்கண்டு அன்று காலை முழுவதும் அசையவில்லை. வைக்கோல் மஞ்சள், சாம்பல், மங்கிய நீலம் என்று அவள் முன்னால் தறியில் இழுத்துக் கட்டிய பாவில் தொங்கிய மற்ற கண்டுகள் விரல் பட்டு ஆடிக்கொண்டே இருந்தன. முந்நூற்றுப் பதினெட்டாம் எண் பழுப்பு மட்டும் ஆணியில் மாட்டிய சாவியைப் போல நேராகத் தொங்கியது. நான் அவளுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கட்டத்தாளைப் பார்க்க வேண்டிய கண் அவளுடைய தாளுக்குப் போய்ப் போய் வந்தது. அந்த வரிசையில் ஆறு கட்டங்களுக்கு 318 என்று எழுதியிருந்தது. அவள் ஆறிலும் மஞ்சளைப் போட்டாள்.

பெஞ்சில் நாங்கள் நான்கு பேர். இடது ஓரத்தில் இதலினா, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் ஸுல்மீரா, வலது ஓரத்தில் பால்பினா. நான்கு பேருக்கும் ஒரே தறி, ஒரே துணி. அவரவர் பங்குக்கான கட்டங்களைக் கம்பளி நூலால் நிரப்பி முடித்ததும், மெல்லிய பருத்தி நூல் ஒன்று ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் முழு அகலத்துக்கும் போகும். இதலினா தொடங்கி என்னிடம் தருவாள். நான் ஸுல்மீராவிடம், அவள் பால்பினாவிடம். அது போய்ச் சேர்ந்து, சீப்பால் அடித்து இறுக்கிவிட்டால் அந்த வரிசை பூட்டியாயிற்று. யாரும் தனியாக முன்னால் போகவும் முடியாது, தனியாகத் திரும்பி வரவும் முடியாது. ஒருத்தியின் தவறைப் பிரிக்க வேண்டுமென்றால் நான்கு பேரின் வேலையையும் பிரிக்க வேண்டும்.

எங்களுக்கு வருவது படம் இல்லை, எண்கள்தான். மாடியில் தோனா எர்மீனியா ஒரு ஓவியத்தைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிற எண் எழுதிக் கீழே அனுப்புவாள். நாங்கள் துணியின் முதுகுப் பக்கம் உட்கார்ந்து நெய்வோம். நெய்த பகுதி கீழே உருளையில் சுற்றிக்கொண்டே போகும். தறியிலிருந்து அறுத்து இறக்கும் நாள்வரை அதன் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. வலது இடதாக, இடது வலதாக இருக்கும். ஒரு எண் கூரையா, கன்னமா, மாட்டின் காலா என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது.

இந்தத் தடவை கொஞ்சம் தெரிந்திருந்தது. பிரான்சு நாட்டு ஓவியர் ஒருவர் வரைந்த பழைய படம். அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குகிறார்கள். பிஸ்கட் டப்பா மூடியில்கூட அந்தப் படம் வந்திருக்கிறது. மூன்று மாதமாக அவர்களுடைய பாவாடைகளைத்தான் நெய்துகொண்டிருந்தோம்.

"ஒரு முதுகு, ரெண்டு முதுகு, அப்புறம் பாதி முதுகு," என்பாள் பால்பினா. "ஒருத்தியாவது நிமிர்ந்து நின்னு நம்மளப் பாத்தா என்னவாம்?"

"நிமிர்ந்தா யாருடீ அந்தப் படத்தை வாங்குவா?" என்பாள் ஸுல்மீரா.

அதை வாங்குகிறவள் முர்த்தா பண்ணையின் முதலாளியம்மா தோனா லியோனோர். பண்ணை வீட்டின் சாப்பாட்டு அறைச் சுவருக்காகச் சொல்லிச் செய்வது. அந்தப் பெயரைச் சொன்ன அன்று இதலினாவின் கை சும்மா இருக்கவில்லை. தன் கண்டுகளை எண் வாரியாக அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள்.

படத்தில் ஒரு குதிரைக்காரன் இருப்பதை அவளுக்குச் சொன்னது நான்தான். எனக்குப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். ஆசிரியை பிரம்பால் மேசையைத் தட்டத் தட்ட இன்னும் அடைக்கும். பன்னிரண்டு வயதில் நின்றுவிட்டேன். "ஒதீலியா பேசினா மழை வரும், துணி காயப் போட்டிருக்கேன், கேக்காதீங்க," என்று ஸுல்மீரா என்னைப் பற்றிச் சொல்வாள். பழுப்பு அசையாத அந்த நாள் காலையில் இதலினா தன் தாளைப் பார்த்து, "நல்ல மஞ்சள் வயலுக்கு நடுவுல இது என்ன திடீர்னு பழுப்பு? மரமா?" என்றாள். நான் முந்தின நாள் மாடிக்குத் தாள் வாங்கப் போனபோது, சுவரில் குத்தியிருந்த படத்தை நன்றாகப் பார்த்திருந்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"மரம் இல்ல," என்றேன். "தூரத்துல ஒருத்தன் குதிரை மேல உக்காந்திருக்கான். அவங்கள மேற்பார்வை பாக்கறவன்."

அவள் கை நின்றது.

அவளுடைய அம்மாவின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். அறுவடைக்குப் பிறகு மரத்தடியில் கிடக்கும் ஆலிவ் காய்களைப் பொறுக்கிக்கொள்ள முன்பெல்லாம் விடுவார்கள். ஒரு டிசம்பரில் முர்த்தா பண்ணை, அது பன்றிகளுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டது. அது தெரியாமலோ தெரிந்தோ இதலினாவின் அம்மா போனாள், ஒன்பது வயது இதலினாவைக் கூட்டிக்கொண்டு. காவல்காரன் குதிரையில் வந்தான். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மடியில் இருப்பதைப் பாதையில் கொட்டச் சொன்னான். கொட்டினாள். அவன் குதிரையை அதன் மேல் முன்னும் பின்னும் நடக்க விட்டான். நசுங்காத ஒரு பிடி காயைப் பார்த்து அம்மா சட்டென்று கையை நீட்டினாள். குதிரைக்கு என்ன தெரியும்? அதற்குப் பிறகு அந்த வலது கை விரியவே இல்லை. கரண்டியைப் போல வளைந்தே இருக்கும். அந்தக் கையால் அவள் ரொட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இடது கையால் அறுப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

"என் கையால அவன குதிரையில ஏத்தமாட்டேன்," என்றாள் இதலினா. மெதுவாகத்தான் சொன்னாள். "அவங்க மூணு பேரும் நிம்மதியாப் பொறுக்கட்டும்."

ஆறு கட்டத்திலும் மஞ்சளைப் போட்டாள். பிறகு பருத்தி நூலைத் தன் பங்குக்கு ஓட்டி, முனையை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. அந்தப் பக்கம் ஸுல்மீராவும் பால்பினாவும் முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக் காத்திருந்தார்கள்.

"என்னடீ அங்க தூக்கமா? வரிசை காத்துக்கிட்டிருக்கு," என்றாள் ஸுல்மீரா.

இதலினா என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கடைக்காரரிடம் சில்லறை நீட்டுகிற மாதிரி நூலை நீட்டிக்கொண்டிருந்தாள், வாங்கினாலும் சரி வாங்காவிட்டாலும் சரி என்று. நான் வாங்கி ஓட்டி ஸுல்மீராவிடம் கொடுத்தேன். பால்பினா முடித்தாள். சீப்பால் அடித்தோம்.

குதிரைக்காரனுக்கு மொத்தம் முப்பத்தொரு வரிசை. குதிரையின் குளம்பிலிருந்து அவன் தொப்பி வரைக்கும் ஒன்றரை நாள். முப்பத்தொரு தடவை நான் அந்த நூலை வாங்கிக் கொடுத்தேன். மூன்று பெண்களும் எங்கள் முழங்காலுக்குக் கீழே உருளைக்குள் சுருண்டு கிடந்தார்கள்.

அறுக்கும் நாளன்று ஏப்ரன்களைத் துவைத்துக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றோம். முதல் பாவு நூலை, வாங்குகிறவர்தான் வெட்ட வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். தோனா லியோனோர் கையுறையைக் கழற்றி, கத்தரிக்கோலை வாங்கி, "வலிக்காதே?" என்று கேட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். மீதியை நாங்கள் வெட்டினோம். துணி கனத்தோடு சரிந்தது. ஆறு பேர் தூக்கி, திருப்பி, கம்பியில் மாட்டினார்கள்.

எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்குப் பழகுவதில்லை. மாதக்கணக்கில் முடிச்சும் பிசிறுமாகப் பார்த்தது திடீரென்று வயலாகவும் வானமாகவும் நிற்கும். நீலத் துணி கட்டியவள், சிவப்புத் துணி கட்டியவள், பாதி நிமிர்ந்த மூன்றாமவள். அவர்களுக்குப் பின்னால் வைக்கோல் போர்கள், வண்டி. வலது பக்கத்தில் தூரத்தில், மாடிச் சுவரிலிருந்த படத்தில் ஒரு மனிதனும் குதிரையும் இருந்த இடத்தில், வெயில் மட்டும் இருந்தது.

நான் தோனா எர்மீனியாவைப் பார்த்தேன். அவளுடைய சிரிப்பு அப்படியே இருந்தது. கழுத்து மட்டும் கீழிருந்து மேலே சிவந்துகொண்டு வந்தது.

தோனா லியோனோர் கிட்டே போனாள், பின்னால் வந்தாள், தலையைச் சாய்த்தாள். இதலினா சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் நகர்ந்ததை நான் கவனித்தேன். ஏப்ரனின் நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் காத்திருந்தாள். அந்த அம்மாள் கேட்க வேண்டும், இங்கே ஒருத்தன் இருக்க வேண்டுமே எங்கே என்று. கேட்டால் பதில் சொல்வாள். பதினெட்டு வருடமாக அந்தப் பதில் தயாராக இருந்தது.

"என்ன ஒரு அமைதி!" என்றாள் தோனா லியோனோர். விரலை நீட்டி, சரியாக அந்த இடத்தையே காட்டினாள். "இந்தத் தூரத்து வெளிச்சத்தைப் பாருங்க. கண்ணுக்கு எவ்வளவு இதமா இருக்கு! எங்க மாமனார் காலத்துல எங்க பண்ணையும் இப்படித்தான் இருந்துச்சாம். வருவாங்க, வேண்டியதப் பொறுக்கிட்டுப் போவாங்க. யாரும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்ல."

யாரோ "ஆமாங்க" என்றார்கள். பிறகு இனிப்பு ரொட்டியும் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் ஒயினும் வந்தன. தோனா லியோனோர் வரிசையாக வந்து எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இதலினாவின் கையைப் பிடித்தபோது, "தங்கமான விரல்கள்," என்றாள். இதலினா ரொட்டியைத் தொடவில்லை. அவள் பங்கையும் பால்பினாதான் சாப்பிட்டாள்.

கார் போன பிறகு தோனா எர்மீனியா என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டாள். மேசைமேல் கட்டத்தாள் விரித்திருந்தது. பக்கத்தில் திரும்பி வந்த நூல்கண்டுகள். அதில் 318 குறையாமல் முழுசாக இருந்தது.

"நூத்தி எண்பத்தேழு கட்டம்," என்றாள். "நானே உக்காந்து எண்ணி எழுதினது. ஒரு ஆளையும் ஒரு குதிரையையும் காணோம். எங்க போனாங்க? தண்ணி குடிக்கப் போயிட்டாங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பொண்ணே, இங்க பாரு. அந்த அம்மாவுக்குத் தெரியல. கடவுள் புண்ணியம். நாளைக்கு விவரம் தெரிஞ்ச விருந்தாளி ஒருத்தர் வந்து கேப்பாரு. அப்ப பட்டறை இயக்குநர் என்னக் கேப்பாரு. இது தவறா, வேணும்னு செஞ்சதா? வேணும்னு செஞ்சதுன்னா அது நெசவு சம்பந்தப்பட்டது இல்ல. அதுக்கு வேற பேரு இருக்கு. தக்கைத் தொழிற்சாலைல ஒருத்தன், என்னமோ அவன் பேரு, அரசாங்கத்துக்கு எதிரா ஏதோ தாள் ஒட்டினான்னு போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போனாங்களே, கிறிஸ்துமஸுக்காவது வந்தானா?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ இதலினா பக்கத்துல உக்காந்திருக்க. நீ வாயே திறக்காதவ. அதனால நீ சொன்னா நான் நம்புவேன். என்ன நடந்தது?"

 பள்ளிக்கூடத்து மேசை, பிரம்பு எல்லாம் கண்முன் வந்தன. ஆனால் இந்தத் தடவை குரலும் வந்தது. அது எப்படி அவ்வளவு தெளிவாக வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்லைங்க," என்றேன். "கொஞ்ச நாளாவே. பழுப்பும் மஞ்சளும் ஒண்ணாத் தெரியுதுன்னு சொன்னா."

தோனா எர்மீனியா நாற்காலியில் சாய்ந்தாள். அவள் முகத்தில் வந்தது நிம்மதிதான். நானும் மூச்சு விட்டேன். ஒரு ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் படியை இரண்டிரண்டாக இறங்கினேன்.

அடுத்த வாரம் இதலினாவைத் தறியிலிருந்து எடுத்துக் கம்பளி அறைக்கு மாற்றினார்கள். நிறம் பிரிக்கிற வேலைகூட இல்லை. சீட்டில் இருக்கிற எண்ணைப் பார்த்து நூலைக் கண்டில் சுற்றுகிற வேலை. அதோடு, தர்மத்துக்கு வருடம் இரண்டு தடவை வருகிற கண் வைத்தியரிடம் பட்டறையே கடிதம் கொடுத்து அனுப்பியது. அவருக்கு முன்னால் நாற்பது பேர் நின்றார்கள். கடிதத்தில் கண் மோசம் என்று எழுதியிருந்தது. அவர் பெட்டியிலிருந்து ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இடது ஓர இடம் எனக்கு வந்தது. இதலினாவின் பெஞ்சுப் பகுதி அவள் உட்கார்ந்து உட்கார்ந்து சற்றுக் குழிந்திருக்கும். அதில் என் உடம்பு பொருந்தவில்லை. என்னுடைய பழைய இடத்தில் புதிதாக ஒருத்தியைப் போட்டார்கள்.

இதலினா என்னிடம் பேசினது பத்து நாளுக்குப் பிறகு, மதியம், பட்டறை வாசல் குழாயடியில். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். பூண்டும் கொத்தமல்லியும் போட்ட ரொட்டிக் கஞ்சி வாசனை தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது. அவள் வந்து நின்றாள். கண்ணாடி போட்டிருந்தாள். அதற்குப் பின்னால் அவளுடைய கண்கள் பெரிதாக, ஈரமாக, யாரோ ஒருத்தியுடையவை மாதிரித் தெரிந்தன.

"எனக்குக் கண்ணு தெரியலன்னு சொன்னியாமே."

"உன்னப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு..."

"நான் கேட்டனா? என்னக் காப்பாத்துன்னு கேட்டனா?"

நான் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

"இத மாட்டிக்கிட்டா படிக்கட்டு எங்க முடியுதுன்னே தெரியல. சாயங்காலம் ஆனா தலை வெடிக்குது. கழட்டினா எர்மீனியா கேக்கறா, ஏன் கழட்டினேன்னு." அவள் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "பொறந்ததுலேருந்து நான் வேணும்னு செஞ்சது ஒண்ணே ஒண்ணுடீ. அதையும் தெரியாம செஞ்சதா ஆக்கிட்டே. எங்கம்மாகிட்டச் சொன்னேன், அவன குதிரையிலேருந்து இறக்கி விட்டுட்டேன்னு.  அந்தக் கையால என் முகத்தைத் தடவினா. இப்ப அக்கம்பக்கத்துல அவகிட்டயே வந்து கேக்கறாங்க, உங்க பொண்ணுக்குக் கண்ணு போயிடுச்சாமேன்னு."

தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவளே குழாயை மூடினாள்.

"இன்னொண்ணும் தோணுது," என்றாள், இந்தத் தடவை என்னைப் பார்க்காமல். "அந்தக் குதிரைக்காரன் இல்லாததுனாலதான் லியோனோருக்கு அந்தத் துணி அவ்வளவு பிடிச்சிருக்கு. இருந்திருந்தா, சாப்பிட உக்காரும்போதெல்லாம் அவளப் பாத்துக்கிட்டே இருந்திருப்பான். நான் அவளுக்குச் சுவரைச் சுத்தம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

போய்விட்டாள். படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

குளிர்காலம் முழுக்க வேறு ஏதோ பூக்களை நெய்தோம். பிப்ரவரியில் தோனா எர்மீனியா பழைய கட்டத்தாளோடு இறங்கி வந்தாள். தோனா லியோனோரின் மைத்துனர் லிஸ்பனில் இருக்கிறாராம். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்தவர் சுவரில் அதைப் பார்த்து, அதே மாதிரி தனக்கும் ஒன்று வேண்டும் என்றாராம்.

"அதே மாதிரின்னா எந்த மாதிரி?" என்றாள் ஸுல்மீரா வெகுளியாக. தோனா எர்மீனியா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"தாள்ல இருக்கற மாதிரி. ஒரு கட்டம் பிசகக்கூடாது," என்றாள். அதை என் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "நல்ல கண்ணு இருக்கறவளா ஓரத்துல உக்கார வெச்சிருக்கேன்."

மறுபடியும் மூன்று மாதம். மறுபடியும் மூன்று பாவாடைகள், மூன்று முதுகுகள். பால்பினாகூட அலுத்துப்போய் முதுகுகளை எண்ணுவதை விட்டுவிட்டாள். நான் வரிசைகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ண வேண்டாம் என்று நினைத்தாலும் கை எண்ணியது. நீலத் துணியும் சிவப்புத் துணியும் உருளைக்குள் போயின. வயல் வந்தது. ராத்திரி படுத்தால், இரண்டு சுவர்கள் தெரியும். ஒரு வீட்டில் அவன் இருக்கிறான், இன்னொரு வீட்டில் இல்லை. என்றைக்காவது ஒருநாள் அந்த அம்மாள் லிஸ்பனுக்குப் போய், மைத்துனர் வீட்டுச் சுவரைப் பார்த்து, தன்னுடையதில் ஒருத்தன் குறைகிறான் என்று கண்டுபிடித்தால் மறுபடி கேள்வி வரும். அப்போது இதலினாவுக்குப் பதில் சொல்ல ஒரு வாய்ப்பு வரும். பிடித்துக்கொண்டு போகவும் வருவார்கள். அவனை நான் போடாவிட்டால் இரண்டு சுவரும் சுத்தமாக இருக்கும், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். எந்தப் பக்கம் புரண்டாலும் தூக்கம் வரவில்லை.

குளம்பு தொடங்கும் வரிசை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. தாளில் முதல் தடவையாக 318. என்னிடம் அந்தக் கண்டு இல்லை. நான் கேட்டு அனுப்பவும் இல்லை. மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பி, அந்த ஆறு கட்டங்களை மட்டும் வெறும் பாவாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. கம்பளி அறையிலிருந்து யாராவது ஒருத்தி கூடையில் கண்டுகளைக் கொண்டுவந்து தருவாள், வழக்கம்தான். அன்று இதலினா வந்தாள். என் தோளுக்கு மேலாகக் கை நீண்டு, ஒரே ஒரு கண்டை என் மடியில் வைத்தது. இறுக்கமாக, ஒரு சுற்று ஏறாமல் இறங்காமல், நிதானமாகச் சுற்றிய பழுப்பு. சீட்டில் அவள் கையெழுத்தில் 318.

 நான் திரும்பிப் பார்க்கவில்லை. பழுப்பின் முனை என் வலது கையில் இருந்தது. இடது கைக்குப் பக்கத்தில் மஞ்சள் கண்டு பாவில் தொங்கி லேசாக ஆடியது.

"வரிசை காத்துக்கிட்டிருக்குடீ, ஒதீலியா," என்றாள் ஸுல்மீரா.

என் பழைய இடத்துக்குப் புதிதாக வந்தவள் பருத்தி நூலுக்காக என் பக்கம் கையை நீட்டி வைத்திருந்தாள். என் முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் திரும்பிப் போகவில்லை. இதலினா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதன் ஒரு கம்பியை மடக்கி, இன்னொரு கம்பியையும் மடக்குகிற சின்னச் சத்தம் கேட்டது.